குந்தவில்லை என்று ஒரு வரி

பிப்ரவரி 9

தங்கைக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. அது உன் அண்ணியோடு நீ வாரம் ஒருமுறை போனில் பேசும்போதே முடிந்துவிடுகிறது. இது ஒரு தாளைப் பற்றி.

ஊனச் சான்று வாங்குவதற்காக நேற்று இங்குள்ள ஆஸ்பத்திரியில் என் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினேன். பதினேழு பக்கம். என் இடுப்புப் பந்து உடைந்த அன்றே உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இவர்களுக்கு வந்த குறிப்பு பதினோராவது பக்கத்தில் இருக்கிறது. உங்கள் பெரிய டாக்டரின் கையெழுத்து. மற்றதெல்லாம் அளவும் எண்ணும்தான். கடைசிக்கு முந்தின வரி மட்டும் எழுத்து. அதை அப்படியே எழுதுகிறேன்: "நோயாளி டைல்ஸ் ஒட்டுபவர். அறிவுரையை மீறித் தொடர்ந்து குந்தி வேலை செய்ததே பீங்கான் பந்து உடையக் காரணமாக இருக்கலாம்."

நான் குந்தவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் உங்கள் ஆஸ்பத்திரியில் என் இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். மறுநாள் கட்டிலருகே நர்ஸ் உடுப்போடு நின்று நீ சொன்னாய்: "அண்ணா, இனிமே தரையில குந்தாத. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு." பண்ணினேன். இருபத்தாறு வருஷம் குந்தியே பிழைத்தவன் அன்றோடு உயர ஸ்டூலுக்கு மாறினேன். ஒட்டுவதை விட்டுவிட்டு, மற்றவர்கள் ஒட்டிய தரையைத் தட்டி, அடியில் காலியாக இருக்கிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்லும் வேலைக்கு வந்தேன். இடுப்புயரக் கம்பி ஒன்று, அதன் நுனியில் கோலிக்குண்டு மாதிரி ஓர் இரும்பு உருண்டை. நின்றபடியே தட்டலாம். வேலை நடக்கும் இடங்களில் எனக்கு ஸ்டூல் மேஸ்திரி என்றே பெயர். "மேஸ்திரி, ஸ்டூலுக்கும் ஹெல்மெட் மாட்டலாமா?" என்று கேட்பார்கள்.

பீங்கானை நான்தான் கேட்டு வாங்கினேன். டாக்டர் உலோகப் பந்தையும் பீங்கான் பந்தையும் மேசையில் வைத்தார். நான் பீங்கானை எடுத்து நகத்தால் தட்டினேன். சத்தம் சுத்தமாக இருந்தது. தேயவே தேயாது என்றார். "டைல்ஸ்காரருக்கு டைல்ஸ்லயே மூட்டு" என்று நீ சிரித்தாய். அது நாலு வருஷத்தில் சில்லு சில்லாகப் போனது. போகட்டும், பொருள் என்றால் உடையும். ஆனால் என் வாக்கை நான் உடைத்துவிட்டதாக ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

எனக்கு வேறெதுவும் வேண்டாம். அந்த ஒரு வரியை எடுக்கச் சொல். போனில் கேட்டால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். ஒரு வருஷமாக அப்படித்தான் போகிறது. அதனால் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மத்தியானம் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, கை கழுவும் தொட்டியருகே நின்று படித்தேன். அடுத்த ஆபரேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்து மறுபடி படித்தேன்.

பதிவில் எழுதியதை மாற்றுவது லேசான காரியமில்லை. அதற்கென்று ஒரு குழு இருக்கிறது, காரணம் கேட்பார்கள். டாக்டரும் "இருக்கலாம்" என்றுதானே எழுதியிருக்கிறார். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

கோபித்துக்கொள்ளாதே, நர்சாக ஒன்று கேட்கிறேன். ஒரு தடவைகூடவா குந்தவில்லை? செருப்பு வாரைப் போட, கீழே விழுந்ததை எடுக்க? இருபத்தாறு வருஷப் பழக்கம். உடம்பு நம்மைக் கேட்டுக்கொண்டா குந்துகிறது?

உடைந்த அன்று அண்ணி கூப்பிட்டும் நான் வரவில்லை என்ற வருத்தம் உனக்கு இருக்கிறது என்று தெரியும். எனக்கு அன்று தொடர்ந்து டியூட்டி. பதினோரு மணி நேர ரயில். வந்து சேர்வதற்குள் அவர்கள் ஆபரேஷனை முடித்திருப்பார்கள். முடித்தும்விட்டார்கள். இப்போது புது மூட்டு இருக்கிறது, நடக்கிறாய், வேலைக்குப் போகிறாய். அதோடு விட்டுவிடக் கூடாதா?

போனை எடு அண்ணா. மணி அடிப்பதும், அண்ணி "உங்க தங்கச்சி, உங்க தங்கச்சி" என்று கத்துவதும் இங்கே எனக்கே கேட்கிறது. நீ மட்டும் வருவதில்லை.

வலித் தைலம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன்.

தங்கை


மார்ச் 8

நர்சம்மாவுக்கு,

நீ நர்சாகக் கேட்டாய். நான் மேஸ்திரியாகப் பதில் சொல்கிறேன்.

மூன்றாவது வருஷம் நடக்கும்போது இடுப்பில் கீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வலி இல்லை, சத்தம்தான். உன் அண்ணி "அதோ கதவு நடந்து வருது" என்பாள். விருந்தாளிகள் முன்னால் "எண்ணெய் விடட்டுமா?" என்பாள். அப்போதே உனக்கு போனில் சொன்னேன். "சில பேருக்கு வரும்ணா" என்றாய். நானும் அதோடு விட்டேன்.

போன வருஷம் ஜனவரி 17, காலை பத்தே கால். ஒரு வங்கியின் புதுக் கூடம். ஸ்டூலில் உட்கார்ந்து தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். எழுந்து இடது காலைத் தரையில் வைத்தேன். அவ்வளவுதான். துணியில் சுற்றி ஒரு கோப்பையை உடைத்தால் எப்படிக் கேட்கும், அப்படி ஒரு சத்தம். ஏணியில் நின்ற எலெக்ட்ரீசியன் "என்னத்த உடைச்சீங்க மேஸ்திரி?" என்று கேட்டார். நானும் குனிந்து தரையைத்தான் பார்த்தேன். எந்த டைல்ஸ் என்று தேடினேன். பிறகுதான் விழுந்தேன்.

எடுத்த துண்டுகளை இங்குள்ள டாக்டர் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். முப்பத்து நான்கு. பொடியாகப் போனதை எண்ண முடியாது, எல்லாவற்றையும் வழித்தெடுக்கவும் முடியாது என்றார். உன் அண்ணி அதை வீட்டில் வைக்க விடவில்லை. என் சாமான் பெட்டியில் ரசமட்டத்தின் பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒட்டி நாலு வருஷம் கழித்து ஒரு டைல்ஸ் தானாக உடைந்தால், அதன்மேல் நடந்தவரைத் திட்டமாட்டோம். பெயர்த்துப் புரட்டி அடியில் பார்ப்போம். ஒட்டுவதற்கு முன் முதுகை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், துடைத்தபின் காயவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் ஒரே ஒரு மணல் போதும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தட்டினாலும் நன்றாகத்தான் கேட்கும். அந்த மணல் அங்கேயே உட்கார்ந்து பாரத்தையெல்லாம் ஒரே இடத்தில் வாங்கிக்கொண்டிருக்கும்.

என் பந்தின் ஒரு துண்டில், உள்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெள்ளை. இந்தப் பந்து எதன்மேல் உட்கார்ந்திருந்தது? உட்காரவைப்பதற்கு முன் அதைத் துடைத்தது யார்? நீ உள்ளேதான் நின்றாய். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தைலம் வந்தது. உன் அண்ணி கழுத்து வலிக்குத் தடவிக்கொண்டாள்.

இப்போது வருகிற பசை மாவு நல்ல சரக்கு போலிருக்கிறது. முன்பெல்லாம் நூறு டைல்ஸ் தட்டினால் குறைந்தது நாலு டைல்ஸ் காலியாகச் சத்தம் தரும். இப்போது ஒன்றுகூடத் தருவதில்லை.

அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதை இன்று தபாலில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

ரத்த உறவுக்கு ஆபரேஷன் என்றால் எங்களை உள்ளே விடமாட்டார்கள். நான் பெரிய டாக்டர் அறைக்கு மூன்று நாள் அலைந்து கெஞ்சினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். "உள்ள வந்தா நீங்க தங்கச்சி கிடையாது, நர்ஸ். பாசத்த வெளிய கழட்டி வச்சுட்டு வரணும். ஒரு வார்த்தை பேசினாலும் அனுப்பிடுவேன்" என்றார். சரி என்றேன்.

தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டை இறக்குவார்கள். அதன் மேல்முனை கூம்பாக இருக்கும். அதன்மேல்தான் பீங்கான் பந்து உட்காரும். பந்தை வைப்பதற்கு முன் கூம்பைத் துடைத்து, காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் தொழிலில் உள்ள அதே முறைதான். அதை நீ எழுதிய இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். துடைத்துப் பார்ப்பது என் வேலை.

நான் துடைத்தேன். பிறகு டாக்டர் காலைச் சற்றுத் திருப்பினார். மேலேயிருந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கிக் கூம்பில் பட்டது. நூலளவுதான். என் இடது கையில் உலர்ந்த துணி இருந்தது. வலது கையில் உன் பந்து இருந்தது. "சார்" என்று சொல்ல வாய் வந்தது. அவர் கையை நீட்டிவிட்டார். பேசினால் வெளியே அனுப்பிவிடுவார் என்பதுதான் அந்த நொடியில் என் தலைக்குள் ஓடியது. பந்தைக் கொடுத்தேன். அவர் வைத்து ஒரே தட்டுத் தட்டினார். வேறு யாராவது படுத்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் அண்ணா. அதற்கு முன்பும் சொல்லியிருக்கிறேன், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். உனக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

அதனால்தான் உடைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயிரத்தில் ஒன்று காரணமே தெரியாமலும் உடையும். ஆனால் நீ கீச்சென்று கேட்கிறது என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்தக் கோடுதான் கண்ணில் நிற்கிறது. அண்ணி கூப்பிட்ட அன்று எனக்குத் தொடர்ந்து டியூட்டி இல்லை, இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. விடுமுறை கேட்கவும் இல்லை. வந்தால் துண்டுகளைக் காட்டுவார்கள் என்று பயந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் ஊர் டாக்டர் அன்று மத்தியானம் இங்கே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். பெரிய டாக்டர் நடைவழியில் என்னை நிறுத்தி, "உங்க அண்ணன் குந்துவாரா?" என்றார். நான், "குந்தியிருப்பார் சார், வேலை அப்படி" என்றேன். அந்த வரி அவர் எழுதியது இல்லை. நான் சொன்னதைத்தான் அவர் எழுதினார்.

இதையெல்லாம் நேற்று ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. அந்த வரியை நீக்கக் கேட்டிருக்கிறேன்.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. படித்துவிட்டாய் என்று அண்ணியை ஒரு வார்த்தை சொல்லச் சொல்.

தங்கை


ஏப்ரல் 27

பாப்பாவுக்கு,

படித்தேன். உன் அண்ணியும் படித்தாள். மறுநாள் காலை அவள், "அந்தாளு வாயத் தொறக்கக் கூடாதுன்னா இவ தொறக்காம இருந்திருக்கா. உங்க அம்மா வளத்த வளப்பு" என்றாள். திட்டினாளா, உனக்காகப் பேசினாளா, தெரியவில்லை. தட்டைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நூலளவு ரத்தத்துக்கு இல்லை. கை தவறாத கைவேலை எது? "குந்தியிருப்பார் சார்" என்றாயே, அதற்கு. நீ என்னிடம் சத்தியம் வாங்கிய ஆள்.

அந்த ஒரு வார்த்தை என்ன செய்தது தெரியுமா? உன் கடிதம் வந்த பிறகு பதினேழு பக்கத்தையும் வரிவரியாகப் படித்தேன். இங்குள்ள டாக்டர் பன்னிரண்டாவது பக்கத்தில் எழுதியிருக்கிறார்: நோயாளி குந்தும் வழக்கமுள்ளவர், எனவே மறுபடி பீங்கான் வேண்டாம், உடையாத உலோகப் பந்து பொருத்தப்பட்டது. என்னிடமும் அன்று சொன்னார். "இது இரும்பு மாதிரி. நீங்க குந்துங்க, குதிங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். நான் குந்துவதில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். மயக்க மருந்து நாக்கைக் கட்டிவிட்டது.

போகட்டும். உன்னைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று உன் அண்ணி சொன்னாள். நான் வரியைத்தான் எடுக்கச் சொன்னேன், உன்னை இல்லை.

நீ உண்மையைச் சொன்னபின் நானும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் போனை எடுக்காதது கோபத்தால் மட்டும் இல்லை. கேட்கவில்லை. போன வருஷக் கடைசியிலிருந்து காதுக்குள் ஒரு பூச்சி கத்திக்கொண்டே இருக்கிறது. அதன் பின்னால் மனிதர்கள் பேசுவது தூரத்தில் கேட்கிறது. செவிடு என்று சொல்வதைவிடத் தங்கையோடு சண்டை என்று சொன்னால் மரியாதையாக இருந்தது. ஐம்பது வயதில் இதெல்லாம் வரும் என்று விட்டுவிட்டேன். கால் விரல்களும் மரத்துப்போயிருக்கின்றன. வாயில் எப்போதும் ஆணியைக் கடித்துக்கொண்டிருக்கிற ருசி.

பசை மாவு நல்ல சரக்கு என்று எழுதினேன் அல்லவா? போன வாரம் நான் சரி என்று கையெழுத்துப் போட்ட கூடத்தில் பதினொரு டைல்ஸ் காலி என்று வேறொருவர் கண்டுபிடித்தார். கான்ட்ராக்டர் நல்ல மனிதர். கத்தவில்லை, அல்லது கத்தியது எனக்குக் கேட்கவில்லை. கம்பியை வாங்கி ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, "வீட்ல ரெஸ்ட் எடுங்க மேஸ்திரி" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

அண்ணன்


மே 2

அண்ணா,

அண்ணியிடம் போனில் சொல்லிவிட்டேன். இந்தத் தாளை உன் டாக்டரிடம் காட்டுவதற்காக எழுதுகிறேன். மேலே அவருக்கு இரண்டு பத்தி, கீழே உனக்கு.

டாக்டருக்கு: பீங்கான் பந்து உடைந்த மூட்டில் உலோகப் பந்து வைக்கப்பட்டிருக்கிறது. வழித்தெடுக்க முடியாமல் தங்கிய பீங்கான் பொடி உலோகத்தை அரைத்துக்கொண்டிருக்கும் என்று அஞ்சுகிறேன். காது மந்தம், காதிரைச்சல், விரல் மரப்பு, வாயில் உலோக ருசி ஆகியவை ஆறு மாதமாக உள்ளன.

ரத்தத்தில் கோபால்ட் அளவை இன்றே பார்க்க வேண்டும். இதயத்தையும் பார்க்க வேண்டும். நோயாளி குந்துபவர் அல்ல. அந்தத் தகவல் தவறு. அதைச் சொன்னவள் நான்.

அண்ணா, உனக்கு: உப்புத்தாளில் தேய்த்த மாதிரி அந்தப் பந்து உனக்குள் தேய்கிறது. அதிலுள்ள கோபால்ட் என்ற உலோகம் ரத்தத்தில் கலந்துதான் உன் காதும் விரலும் இப்படி ஆகியிருக்க வேண்டும். எந்தப் பந்து வைத்தார்கள் என்பதுதான் ஒரு நர்ஸ் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பதினைந்து மாதம் நான் அதைக் கேட்கவில்லை. நீ குந்தினாயா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. நானே வந்துவிடுவேன்.

தங்கை


செப்டம்பர் 20

பாப்பாவுக்கு,

நீ ஊருக்குக் கிளம்பி ஒன்பது நாள் ஆகிறது. நீ மடித்து வைத்துவிட்டுப் போன குளியல் துண்டுகளை உன் அண்ணி இன்னும் கலைக்கவில்லை. ஆஸ்பத்திரி மடிப்பாம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள்.

டாக்டர் நேற்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்தார். நீ இருந்தபோது உனக்குச் சொன்னதுதான், என்றாலும் என் கையில் கேட்டேன். ஜூலையில் மூட்டைத் திறந்தபோது உள்ளே மை கொட்டிய மாதிரி கருப்பாக இருந்ததாம். பந்து ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்துவிட்டது. கூம்பும் பழுது, அதனால் தண்டையே எடுக்க வேண்டியதாயிற்று. எலும்பைப் பிளந்து எடுத்துக் கம்பி சுற்றியிருக்கிறார்கள். மூன்று மாதம் வாக்கர், அதன்பின் ஊன்றுகோல், அதன்பின் பார்க்கலாம். ரத்தத்தில் கோபால்ட் இறங்கிக்கொண்டிருக்கிறது. இதயம் தப்பித்தது. விரல்களுக்குக் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. காதைப் பற்றிக் கேட்டேன். போனது போனதுதான் என்று எழுதி, அதன் கீழே கோடு போடப் போனவர், போடாமல் பேனாவை மூடினார்.

இந்த முறை மறுபடி பீங்கான். உன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும், அங்குள்ள நர்சை நடைவழியில் நிறுத்தி நீ கையைப் பிடித்துக்கொண்டாய் என்று உன் அண்ணி சொன்னாள். நான் கண் திறந்தபோது நீ எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாய். கொட்டை எழுத்தில், "தொடச்சாங்க. ரெண்டு தடவ." அந்த உறையைச் சாமான் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே, "உடைந்ததற்கான காரணம் உறுதியாகவில்லை, நோயாளியின் செயல் காரணம் அல்ல" என்று இருக்கிறது. பிப்ரவரியில் இந்த ஒரு வரிக்காகத்தான் உன்னோடு சண்டைக்கு வந்தேன். இரண்டு முறை படித்தேன். மடித்து உறையில் போட்டேன். உன் அண்ணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நீ இப்போது துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறாய் என்று தெரியும். போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டாயாம். மணி அடித்தால் உன் அண்ணி என் முன்னால் வந்து கையை ஆட்டி, வாயை அசைத்து, உன் பெயரைக் காட்டுகிறாள். நான் தலையாட்டுகிறேன்.

நேற்று கான்ட்ராக்டர் என் கம்பியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். வாக்கரில் நின்றபடி நம் கூடத்துத் தரையைச் சும்மா தட்டினேன். காதில் ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தேன். உள்ளங்காலில் கொஞ்சம் தெரிகிறது. கதவோரம் நாலாவது டைல்ஸ் வேறு மாதிரி இருந்தது. உன் அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். இரண்டு முறை தட்டிவிட்டு அவள் தலையாட்டினாள். காலிதான்.

அது நான் ஒட்டியது. பதினெட்டு வருஷம் ஆகிறது. அதன்மேல்தான் எல்லோரும் நடக்கிறோம், நீயும் ஊருக்குப் போகும்வரை நடந்தாய். அன்று அதன் முதுகைத் துடைத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. அவசரமாக இருந்திருப்பேன்.

சண்டை தீர்ந்தது என்று போன் செய்துவிடாதே. எழுது.

அண்ணன்